தலைக்குளம் தந்த தளவாய்

பேரரசு ஒன்றுக்கு அடங்கிய சிறு நாட்டை ஆள்பவனின் நிலை விந்தையானது. தன் மக்களுக்கு அவன் தலைவன். பேரரசுக்கோ அவன் ஏவலாள். மேலே பார்க்கும்போது கைகட்ட வேண்டும். கீழே பார்க்கும்போது மீசை முறுக்க வேண்டும். இவ்விரண்டையும் ஒரே முகத்தில் நெடுநாள் காட்டுவது எளிதன்று. என்றேனும் ஒருநாள் முகமூடி கிழியும். கிழியும்போது உயிரும் உடன் போகும்.

உலக வரலாற்றில் இதற்கு ஒரு பழைய சான்று உண்டு. இன்றைய துருக்கியின் மேலைக் கடற்கரையில் மிலேட்டஸ் என்றொரு கிரேக்க நகரம் இருந்தது. பாரசீகப் பேரரசின் கீழ் அதனை ஆண்டவன் ஹிஸ்டியேயஸ். கி. மு. 513ஆம் ஆண்டையொட்டிப் பாரசீக மன்னன் டேரியஸ் டான்யூப் ஆற்றின்மீது ஓடங்களால் பாலம் அமைத்து வடக்கே படையெடுத்துச் சென்றான். பாலத்தைக் காக்கும் பொறுப்பு கிரேக்க நகரத் தலைவர்களுக்கு. பாலத்தை உடைத்துவிட்டால் டேரியஸ் மீள மாட்டான். கிரேக்க நகரங்கள் விடுதலை பெறும். உடைத்துவிடலாம் என்று ஒருவன் சொன்னபோது தடுத்தவன் ஹிஸ்டியேயஸ். நம்மில் ஒவ்வொருவனும் தன் நகரில் ஆள்வது டேரியஸின் வலிமையால்தான். அவன் வீழ்ந்தால் நம் மக்கள் நம்மை ஒருநாளும் வைத்திருக்க மாட்டார்கள் என்பது அவன் காட்டிய காரணம். பாலம் பிழைத்தது, பேரரசன் பிழைத்தான். அதே ஹிஸ்டியேயஸ் பின்னாளில் பாரசீகத்துக்கு எதிரான கலகத்தில் கலந்து, கி. மு. 493இல் பிடிபட்டுக் கொல்லப்பட்டான். ஆளுநன் அவன் தலையை டேரியஸிடம் அனுப்பினான். டேரியஸ் மகிழவில்லை, தலையைக் கழுவி, மரியாதையோடு அடக்கம் செய்யச் சொன்னான் என்று ஹெரோடோட்டஸ் எழுதியிருக்கிறார்.

இக்கதையைப் படித்தபோது என் நினைவு கிரேக்கத்தில் நிற்கவில்லை. நம் திருவனந்தபுரத்துக்கே திரும்பி வந்தது. தலைமைச் செயலகத்தின் முன் வாள் தாங்கி நிற்கும் சிலையை அறியாத மாணவர் நம்மில் எவருமில்லை. தளவாய் வேலுத்தம்பியின் சிலை அது. அவர் வாழ்வும் அந்தக் கிரேக்கன் வாழ்வும் பல இடங்களில் ஒன்றையொன்று ஒத்திருப்பதைக் கண்டு வியந்தேன். நான் இயற்பியல் படிப்பவன். வரலாறு என் துறையன்று. ஆயினும் நாள்தோறும் கடந்து செல்லும் சிலைக்கு உரியவர் யார் என்று அறிய ஆசைப்படுவதற்குப் பட்டம் எதுவும் தேவையில்லை அல்லவா?

தலைக்குளத்துப் பிள்ளை

வேலாயுதன் செண்பகராமன் தம்பி 1765ஆம் ஆண்டு மே மாதம் 6ஆம் நாள் தலைக்குளத்தில் பிறந்தார். தலைக்குளம் எங்கே இருக்கிறது? இரணியலுக்கு அருகே, நாகர்கோவிலிலிருந்து எட்டிவிடும் தொலைவில். அன்று அது வேணாட்டின் நடுவூர்களில் ஒன்று. திருவிதாங்கூரின் தலைநகரமாக விளங்கிய பத்மநாபபுரமும் கல்குளம் பகுதியில்தான் இருக்கிறது. 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் அன்றைய சென்னை மாநிலத்தோடு இணைந்தன. ஆகவே கேரளத் தலைநகரின் நெஞ்சில் சிலையாய் நிற்கும் இந்த வீரர் பிறந்த மண், இன்று தமிழ்நாட்டு மண். நம்மவரில் பலர் இதனை அறிவதில்லை. அவர் வீட்டு மொழி மலையாளம். ஆனால் அவர் விளையாடிய தெருக்களில் தமிழும் மலையாளமும் ஒரே திண்ணையில் அமர்ந்து பேசின.

செண்பகராமன் என்பது மார்த்தாண்டவர்மர் காலம் முதல் திருவிதாங்கூர் மன்னர்கள் தமக்கு உற்ற குடும்பங்களுக்கு வழங்கிய சிறப்புப் பட்டம். அத்தகைய குடும்பத்தில் பிறந்த வேலுத்தம்பி அரசுப் பணியில் சேர்ந்து காரியக்காரர் ஆனார். இன்றைய வழக்கில் சொன்னால் தாசில்தார். ஊர்ப் பெரிய வீட்டுப் பிள்ளை ஒருவர் அந்த அளவில் வாழ்ந்து முடிந்திருந்தால் சிலையும் இல்லை, இக்கட்டுரையும் இல்லை. காலம் அவரை அப்படி விடவில்லை.

மூன்று நாள் தவணை

1798இல் தர்மராஜா என்று புகழ்பெற்ற கார்த்திகைத் திருநாள் மன்னர் மறைந்தார். பதினாறு வயதே நிரம்பிய பாலராமவர்மர் அரியணை ஏறினார். இளைய மன்னரைச் சுற்றித் தீயவர் கூடினர். திறமைக்குப் பேர்போன திவான் ராஜா கேசவதாசர் பதவி நீக்கப்பட்டு, வீட்டுக்காவலில் 1799இல் இறந்தார். நஞ்சூட்டிக் கொன்றனர் என்பது நாட்டில் பரவிய பேச்சு. அதன்பின் ஆட்சி மூவர் கைக்குப் போயிற்று. ஜயந்தன் சங்கரன் நம்பூதிரி தலைமை அமைச்சர். சங்கரநாராயணன் செட்டி, மாத்து தரகன் ஆகியோர் அவருக்குத் துணை. அரசுக் கருவூலம் காலி. அதனை நிரப்ப அவர்கள் கண்ட வழி, வசதியுள்ளவர் பெயரையெல்லாம் ஒரு பட்டியலில் எழுதி, ஒவ்வொருவரும் இவ்வளவு கட்டவேண்டும் என்று ஆணையிடுவது. கட்டாதவர்க்கு அடியும் சிறையும்.

அந்தப் பட்டியலில் வேலுத்தம்பியின் பெயரும் இருந்தது. அவர் மறுத்துப் பேசவில்லை. மூன்று நாள் தவணை கேட்டார். தவணை கிடைத்தது. ஊர் திரும்பியவர் பணம் திரட்டவில்லை, ஆள் திரட்டினார். நாஞ்சில் நாட்டு மக்கள் வேலும் வாளும் ஏந்தித் திருவனந்தபுரம் கோட்டை வாயிலில் வந்து நின்றனர். மூவரையும் நீக்கவேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை. அரண்மனை பணிந்தது. நம்பூதிரி நாடு கடத்தப்பட்டார். மற்ற இருவருக்கும் சவுக்கடி. அதோடு காதும் அறுபட்டது.

அந்த 1799ஆம் ஆண்டைச் சற்றே எண்ணிப் பாருங்கள். மே மாதம் சீரங்கப்பட்டினத்தில் திப்பு வீழ்ந்தார். அக்டோபரில் கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். தென்னாடெங்கும் கம்பெனியின் கொடி ஏறிக்கொண்டிருந்த அதே ஆண்டில், மலைக்கு இப்பால் ஓர் இளைஞர் மக்கள் தோளில் ஏறி அதிகாரத்துக்கு வந்தார். அவர் பெற்ற முதல் வலிமை மக்களிடமிருந்து பெற்றது. இதனை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். பின்னால் தேவைப்படும்.

தளவாயின் தடி

புதிய ஏற்பாட்டில் வேலுத்தம்பி வணிகத் துறையைப் பெற்றார். சில ஆண்டுகளுக்குள் தளவாய்ப் பதவியும், அதாவது முதலமைச்சர் பதவியும் அவரிடம் வந்தது. அரண்மனையில் பகைவர் பலர். அவரைக் கைது செய்து கொல்லவும் ஒரு சூழ்ச்சி நடந்தது. அதிலிருந்து அவர் தப்பியது யாருடைய துணையால்? கம்பெனியின் ரெசிடெண்ட் கர்னல் காலின் மெக்காலேயின் துணையால்.

இந்த மெக்காலே 1800 முதல் திருவிதாங்கூரில் கம்பெனியின் பேராளர். ஐதர் அலி காலத்தில் சீரங்கப்பட்டினத்தில் சிறையிருந்தவர். ஆங்கிலக் கல்வியை நம் தலையில் ஏற்றிய தாமஸ் மெக்காலேயை நாம் அறிவோம். அவருக்கு இவர் பெரியப்பன் முறை. தம்பி மகன் நமக்குப் பள்ளிக்கூடத்தைத் தந்தான்; பெரியப்பன் அதற்கு முன்பே நமக்குக் கடன்பத்திரத்தைத் தந்துவிட்டார்!

தளவாய் வேலுத்தம்பி வேலையில் புலி. ஊர் ஊராகச் சுற்றுவார். போன இடத்திலேயே வழக்குக் கேட்பார், அங்கேயே தீர்ப்பு, அங்கேயே தண்டனை. கையூட்டு வாங்கிய கணக்கன், பொய்ப்பத்திரம் எழுதியவன், கள்வன் எவனுக்கும் தப்பில்லை. நிலவரிக் கணக்குகள் புதிதாக எழுதப்பட்டன. சங்கனாச்சேரியில் சந்தை எழுந்தது. கொல்லத்தில் அரசு அலுவலகங்கள் அமைந்து வணிகம் பெருகியது. ஆலப்புழைத் துறைமுகம் மேலும் வளர்ந்தது. காலியாகக் கிடந்த கருவூலத்தில் மீண்டும் பணத்தின் ஒலி கேட்டது.

ஆனால் அவர் தண்டனைகளைப் படிக்கும்போது மயிர் சிலிர்க்கிறது. சவுக்கடி, காது மூக்கு அறுத்தல், மரத்தோடு சேர்த்து ஆணி அறைதல் என்று வரலாற்றாசிரியர்கள் அடுக்கிச் செல்கிறார்கள். அக்காலத்தில் எல்லா அரசுகளும் கொடுமையாகத்தான் தண்டித்தன என்று சமாதானம் சொல்லலாம். சொன்னாலும் ஆணி ஆணிதான். ஆய்வுக்கூடத்தில் ஓர் அளவை எடுத்தால் அதன் பக்கத்தில் பிழையின் அளவையும் எழுதவேண்டும் என்று எங்களுக்குக் கற்பிக்கிறார்கள். வீரர்களின் வாழ்க்கையை எழுதுபவர்கள் அந்தப் பத்தியை வெறுமையாக விட்டுவிடுகிறார்கள். நான் விட விரும்பவில்லை.

எட்டு லட்சம்

1804ஆம் ஆண்டு வந்தது. செலவைக் குறைக்க எண்ணிய தளவாய், நாயர் படையினரின் படிகளில் கை வைத்தார். ஆலப்புழையில் படை பொங்கியது. பல்லாயிரவர் திருவனந்தபுரத்தை நோக்கி நடந்தனர். தளவாயை நீக்கு, கொல் என்பது முழக்கம். ஐந்து ஆண்டுகளுக்கு முன் மக்களைத் திரட்டிக் கோட்டைக்கு வந்தவரை நோக்கி, இப்போது மக்களே திரண்டு வந்தனர்.

வேலுத்தம்பி எங்கே ஓடினார்? மெக்காலேயிடம். கம்பெனிப் படையின் துணையோடு திரும்பி வந்து கலகத்தை அடக்கினார். தலைவர்கள் பலர் கொல்லப்பட்டனர். கிருஷ்ணபிள்ளை என்ற படைத்தலைவரை இரண்டு யானைகளோடு கட்டி இழுத்துக் கிழித்தனர் என்பது கேட்கவே கூசும் செய்தி.

ஹிஸ்டியேயஸ் டான்யூப் கரையில் சொன்ன காரணம் நினைவிருக்கிறதா? பேரரசன் வீழ்ந்தால் நம் மக்கள் நம்மை வைத்திருக்க மாட்டார்கள் என்றான் அவன். வேலுத்தம்பி அதனை வாயால் சொல்லவில்லை. 1804இல் செய்து காட்டினார். மக்கள் தந்த வலிமை தீர்ந்த இடத்தில் கம்பெனி தந்த வலிமையைக் கடனாக வாங்கினார்.

கடன் கொடுத்தவன் சும்மா இருப்பானா? 1805ஆம் ஆண்டு ஜனவரி 12ஆம் நாள் திருவிதாங்கூருக்கும் கம்பெனிக்கும் புதிய உடன்படிக்கை எழுதப்பட்டது. கம்பெனிப் படை நாட்டில் தங்கும்; அதன் செலவுக்காகத் திருவிதாங்கூர் ஆண்டுதோறும் எட்டு லட்சம் ரூபாய் கட்டவேண்டும். முன்பு கட்டி வந்ததைப் போல் இது இரு மடங்கு. ஆட்சி நடத்துவதில் கம்பெனியின் அறிவுரையைக் கேட்டு நடக்கவும் மன்னர் ஒப்பினார். அரண்மனையில் பலர் எதிர்த்தனர், மன்னருக்கும் மனமில்லை. தளவாய்தான் அதனை முடித்து வைத்தார். என்றும் நீங்கா நட்பின் பெயரால் எழுதப்பட்ட அந்த உடன்படிக்கை, தன்னுரிமையோடு இருந்த ஒரு நாட்டைக் கப்பம் கட்டும் நாடாக்கியது.

சிலையின் முன் மாலை போடும்போது இதையும் சேர்த்தே நினைக்கவேண்டும். பின்னால் அவர் அறுக்க முயன்ற விலங்கின் ஒரு கண்ணி அவர் கையாலேயே அடிக்கப்பட்டது.

எட்டு லட்சம் எளிதில் திரளும் தொகையா? நாடு முன்பே கடனில் இருந்தது. தவணை தவறியது, நிலுவை வளர்ந்தது. மெக்காலேயின் கடிதங்கள் நாளுக்கு நாள் சூடேறின. தளவாய் காலம் கேட்டார், குறைக்கச் சொன்னார். நண்பராக இருந்த ரெசிடெண்ட் இப்போது ஈட்டிக்காரராகிவிட்டார். வரி வாங்குவது முதல் அரசின் உள்வழக்குகள் வரை அவர் தலையீடு நீண்டது. இறுதியில் தளவாய் பதவி விலகவேண்டும், மலபாருக்குச் சென்று உதவித்தொகை வாங்கிக்கொண்டு அடங்கி வாழவேண்டும் என்று நெருக்கினார்.

தலைக்குளத்துப் பிள்ளைக்கு அப்போதுதான் முழுக் கணக்கும் விளங்கியிருக்கவேண்டும். தம்மை உயர்த்திய கையே தம்மைத் தூக்கி எறியும் உரிமையையும் வைத்திருந்தது.

குண்டறையில் எழுந்த குரல்

விலகிப்போக இசைந்தவர்போல் நடித்துக்கொண்டே வேலுத்தம்பி போருக்கு ஆயத்தம் செய்தார். கோழிக்கோட்டு சாமூதிரிக்குக் கடிதம் எழுதினார். பிரெஞ்சுக்காரரின் துணையையும் நாடினார். அந்தக் கதவுகள் திறக்கவில்லை. கொச்சி அமைச்சர் பாலியத்து அச்சன் மட்டும் கைகொடுத்தார். தம் பகைவர் ஒருவருக்கு ரெசிடெண்ட் புகலிடம் கொடுத்ததில் அவருக்கும் நெஞ்செரிச்சல் இருந்தது.

1808ஆம் ஆண்டு டிசம்பர் 28ஆம் நாள் இரவு. கொச்சிக் காயலில் ஓடங்கள் ஓசையின்றி நகர்ந்தன. வைக்கம் பத்மநாபபிள்ளை, செம்பில் அரயன் ஆகியோர் தலைமையில் வீரர்கள் போள்காட்டித் தீவில் இறங்கி ரெசிடெண்டின் மாளிகையைச் சூழ்ந்தனர். மெக்காலே மயிரிழையில் தப்பி, ஓர் ஆங்கிலக் கப்பலில் ஏறிக்கொண்டார். அந்த ஓர் இரவில் அவர் பிடிபட்டிருந்தால் கதை வேறு பக்கம் திரும்பியிருக்கலாம்.

1809ஆம் ஆண்டு ஜனவரி 11ஆம் நாள் கொல்லத்துக்கு அருகில் குண்டறையில் வேலுத்தம்பி மக்களுக்கு ஓர் அறிக்கை விடுத்தார். கம்பெனியார் நட்பாய் நுழைந்து நாட்டை விழுங்குவதையும், உப்பு முதலிய பொருள்களையெல்லாம் தம் கைக்குள் கொண்டுவந்து மக்களைப் பிழியப்போவதையும் எடுத்துச் சொல்லிப் போருக்கு அழைத்தார். 1801இல் மருது சகோதரர்கள் திருச்சியில் வெளியிட்ட அறிக்கையோடு சேர்த்து எண்ணத்தக்கது இது. தென்னாட்டில் அயலாட்சியை எதிர்த்து மக்களை நேராக விளித்த குரல்களில் இரண்டும் முதன்மையானவை.

அந்த அறிக்கையில் இன்னொரு பக்கமும் உண்டு. கோயில்கள் பறிபோகும், சிலுவைகள் ஏறும், பழைய சாதி ஒழுக்கம் குலையும் என்ற அச்சத்தையும் அது மூட்டியது. யார் யாருக்கு அந்த ஒழுக்கம் சுமையாக இருந்ததோ அவர்களை நோக்கி அது பேசவில்லை. திருவிதாங்கூரில் ஊழியம் செய்து முதுகு வளைந்த எளிய மக்களுக்குக் குண்டறை அறிக்கையில் ஒரு வரியும் இல்லை. நாட்டின் விடுதலையை உணர்ந்தவர், நாட்டுக்குள்ளே அடிமைப்பட்டவர் விடுதலையை உணரவில்லை. அவர் காலம் அது. அதற்காக நாமும் அதனை உணராமல் இருக்கலாமா?

போர்ச் சூட்டில் நேர்ந்த ஒரு கொடுமையையும் மறைக்கக் கூடாது. 12ஆம் படைப்பிரிவைச் சேர்ந்த முப்பதுக்கும் மேற்பட்ட ஆங்கிலேய வீரர்களும் மருத்துவர் ஒருவரும் புறக்காட்டுக் கரையில் சிறைபிடிக்கப்பட்டு, கட்டப்பட்டு, பள்ளாத்துருத்தி ஆற்றில் மூழ்கடிக்கப்பட்டனர். அவர்கள் போர்க்களத்தில் விழவில்லை. கை கட்டப்பட்ட கைதிகளாய் இறந்தார்கள். இந்தப் பழியே பின்னர் கம்பெனியின் வெஞ்சினத்துக்கு எண்ணெய் ஆயிற்று.

ஆரல்வாய்மொழி

ஜனவரி 15ஆம் நாள் கொல்லத்தில் கர்னல் சால்மர்ஸின் படையோடு பெரும்போர் நடந்தது. திருவிதாங்கூர் வீரர்கள் எண்ணிக்கையில் மிகுந்திருந்தும், பயிற்சி பெற்ற துப்பாக்கி வரிசையின் முன் நிற்க முடியவில்லை. பீரங்கிகளை இழந்து பின்வாங்கினர்.

அதே நேரத்தில் கிழக்கிலிருந்து கர்னல் செயின்ட் லெகர் பெரும்படையோடு வந்தார். வேணாட்டின் கிழக்கு வாயில் ஆரல்வாய்மொழிக் கணவாய். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஊருக்குப் போகும் நம் இரயில் நாகர்கோவிலைத் தாண்டியதும் நுழைகிறதே, காற்றாலைகள் சுழலும் அந்த இடைவெளிதான். மலைக்கு மலை மதில் எழுப்பிப் பீரங்கி ஏற்றி வைத்திருந்தது திருவிதாங்கூர். நேரே மோதினால் உடையாத வாயில். மேஜர் வெல்ஷ் என்பவர் ஒரு சிறு படையோடு இருளில் தென்பக்கத்து மலைமீது ஏறி, மதிலுக்கு மேலே நின்றுகொண்டார். பிப்ரவரி 10ஆம் நாள் விடிந்தபோது கணவாய் கம்பெனியின் கையில் இருந்தது.

பிறகு நடந்தவை வேகமானவை. நாகர்கோவில் போயிற்று. உதயகிரிக் கோட்டையும் பத்மநாபபுரமும் போரின்றியே வீழ்ந்தன. பாலியத்து அச்சன் பின்வாங்கிவிட்டார். கம்பெனிப் படை திருவனந்தபுரத்தின் வாயிலான பாப்பனங்கோட்டில் கூடாரம் அடித்தது. வேலுத்தம்பி மன்னரைக் கண்டு, பழி முழுவதையும் தம் தலையில் போட்டுவிட்டு நாட்டைக் காத்துக்கொள்ளும்படி சொல்லி விடைபெற்றார் என்பது மக்கள் வழக்கு. மன்னர் அவ்வாறே செய்தார். உம்மிணித் தம்பி என்பவர் அரண்மனையின் சார்பில் பாப்பனங்கோடு சென்று ஆங்கிலேயரை வரவேற்றார். மார்ச் மாதத்தில் அவரே திவானும் ஆனார். வேலுத்தம்பியைப் பிடித்துக் கொடுப்பவர்க்கு ஐம்பதினாயிரம் ரூபாய் பரிசு என்று திருவிதாங்கூர் அரசின் பெயராலேயே பறை அறைந்தனர்.

மண்ணடி

ஓடும் வழியில் கிளிமானூர் அரண்மனையில் ஒரு வேளை தங்கினார் வேலுத்தம்பி. இடையில் தொங்கிய வாளைக் கழற்றி அக்குடும்பத்தாரிடம் கொடுத்தார். ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகள் அவ்வாள் அங்கேயே காக்கப்பட்டது. 1957இல் குடியரசுத் தலைவர் இராசேந்திர பிரசாத்திடம் ஒப்படைக்கப்பட்டு, டெல்லி அருங்காட்சியகத்தில் இருந்து, 2010இல் திருவனந்தபுரத்து நேப்பியர் அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்தது. தளவாயின் சிலையைக் காண்பதற்கு நேரமில்லாதவர்கள்கூட மிருகக்காட்சிச் சாலைக்குப் போகிறோம். அதே வளாகத்தில் இருக்கும் இந்த வாளையும் ஒருமுறை எட்டிப் பார்க்கலாம்.

வாளில்லாத வேலுத்தம்பி, தம் தம்பி பத்மநாபன் தம்பியோடு காடு மேடெல்லாம் கடந்து, அடூருக்கு அருகிலுள்ள மண்ணடியை அடைந்தார். பகவதி கோயிலில் அடைக்கலம். செலவுக்காகப் பொன் வெள்ளிப் பொருள்களை விற்கப்போன வேலையாள் வழியாகச் செய்தி வெளிப்பட்டது. துரத்தி வந்தவர்கள் கோயிலைச் சூழ்ந்தனர்.

உள்ளே அண்ணனும் தம்பியும். உயிரோடு பிடிபடக் கூடாது என்பது அண்ணன் முடிவு. தம்மைக் கொல்லும்படி தம்பியை வேண்டினார். தம்பி நடுங்கினான், மறுத்தான். அண்ணன் கத்தியைத் தம் மார்பிலேயே பாய்ச்சிக்கொண்டார். உயிர் போகவில்லை. மீண்டும் வேண்டினார். இரண்டாம் முறை தம்பியால் மறுக்க முடியவில்லை. ஒரே வெட்டில் கழுத்தை அறுத்தான். கதவை உடைத்து நுழைந்தவர்களுக்குக் கிடைத்தது உடல் மட்டுமே. 1809ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதி அது. அவருக்கு நாற்பத்துநான்கு வயதும் நிரம்பவில்லை.

பத்மநாபன் தம்பியைக் கொல்லத்துக்குக் கொண்டுபோய், ஆற்றில் தோழர்களை இழந்த அந்த 12ஆம் படைப்பிரிவின் கண்ணெதிரே தூக்கிலிட்டனர். தலைக்குளத்து வீட்டை இடித்துத் தரைமட்டமாக்கி, அந்த இடத்தில் வாழையும் ஆமணக்கும் நட்டனர். உறவினர் பலர் நாடு கடத்தப்பட்டனர்.

கண்ணம்மூலை

அதோடும் சினம் தணியவில்லை. வேலுத்தம்பியின் உடலைத் திருவனந்தபுரத்துக்குச் சுமந்து வந்து, கண்ணம்மூலைக் குன்றில் எல்லாரும் காணக் கழுமரத்தில் தொங்கவிட்டனர். மருத்துவக் கல்லூரிப் பக்கம் போகும்போது நாம் எத்தனை முறை அவ்வழியே சென்றிருக்கிறோம்!

இறந்தவன் உடலைத் தண்டித்த இச்செயலைக் கல்கத்தாவில் இருந்த கவர்னர் ஜெனரல் மிண்டோ பிரபுவே பின்னர் கண்டித்தார். குற்றவாளி தன் உயிரையே கொடுத்துவிட்ட பின்பு பழிவாங்கல் எதற்கு என்பது அவர் கருத்தின் சாரம். சார்டிஸ் நகரத்து ஆளுநன் செய்ததை டேரியஸ் வெறுத்தான். மெக்காலே செய்ததை மிண்டோ வெறுத்தார். இரண்டாயிரத்து முந்நூறு ஆண்டு இடைவெளியில் இரண்டு பேரரசுகள் ஒரேவகையில் நடந்துகொண்டன. அடிக்கும் கை ஒன்று; அனுதாபம் காட்டும் கை வேறொன்று. கைகள் இரண்டானாலும் உடம்பு ஒன்றுதான் என்பதை மறந்துவிடக் கூடாது.

திருவிதாங்கூருக்கு என்ன ஆயிற்று? உம்மிணித் தம்பியின் ஆட்சியும் நீடிக்கவில்லை. இன்று நாம் வேட்டி வாங்கப்போகும் பாலராமபுரம் அவர் காலத்தில் எழுந்தது. அங்கே தறி போட வந்தவர்கள் தென்பாண்டித் தமிழ் நெசவாளர்கள் என்பது நமக்குப் பெருமை. 1811இல் அவரும் நீக்கப்பட்டார். புதிய ரெசிடெண்ட் கர்னல் மன்றோவே திவான் நாற்காலியிலும் அமர்ந்தார். ஆணையிடுபவரும் அவரே, ஆணையை நிறைவேற்றுபவரும் அவரே. இடையில் நிற்க ஒரு தலைக்குளத்துப் பிள்ளை தேவைப்படவில்லை.

நாம் கொள்ளவேண்டியது

வேலுத்தம்பி யாருக்குச் சொந்தம்? இந்தக் கேள்வியை விடுதி அறையில் மலையாள நண்பர்களும் நாமும் விளையாட்டாய்ப் பேசிக்கொள்வதுண்டு. பிறந்த ஊர் எங்கள் பக்கம் என்போம் நாம். உயிர்விட்ட ஊர் எங்கள் பக்கம் என்பார்கள் அவர்கள். அவருக்கோ இந்த எல்லைக்கோடு தெரியாது. ஆரல்வாய்மொழியில் நின்ற வீரனும் அவர் ஆள். கொச்சிக் காயலில் ஓடம் செலுத்திய அரயனும் அவர் ஆள். பிழைப்புக்காகவும் படிப்புக்காகவும் மலை தாண்டி வந்த நமக்கு இது ஓர் ஆறுதல். இந்த நகரத்தின் கதையில் நாம் விருந்தாளிகள் மட்டும் அல்லர்.

செயலகத்தின் பக்கத்திலே ஸ்டாச்யூ என்று வழங்கும் சந்திப்பு இருக்கிறது. அப்பெயர் வேலுத்தம்பியின் சிலையால் வந்ததன்று. திவான் மாதவராவின் சிலையால் வந்தது. 1828இல் கும்பகோணத்தில் பிறந்தவர் அவர். 1872 வரை இங்கே திவானாக இருந்தார். அவர் காலத்தில் எழுந்து 1869இல் திறக்கப்பட்டதுதான் இந்தச் செயலகக் கட்டடம். பேரரசோடு மோதாமல், அதன் கீழிருந்தே சாலையும் பள்ளியும் நீதிமன்றமும் தந்தவர். எதிர்த்து மாண்டவர் ஒருபுறம். இணங்கி ஆக்கியவர் மறுபுறம். இருவருக்கும் இந்த நகரம் சிலை வைத்திருக்கிறது. இருவரில் எவர் செய்தது சரி என்று பட்டிமன்றம் நடத்தலாம், நடத்தவும் வேண்டும்.

என் எண்ணம் இது. வேலுத்தம்பியின் தோல்வி 1809இல் ஆரல்வாய்மொழி மதிலில் தொடங்கவில்லை. 1804இல், பொங்கி வந்த தம் படைவீரர்களோடு அமர்ந்து பேசாமல் மெக்காலேயின் வாயிலைத் தட்டினாரே, அங்கே தொடங்கியது. மக்கள் தந்த வலிமையைச் செலவழித்துவிட்டு மாற்றான் வலிமையை வாங்கியவர், மாற்றானை எதிர்க்க எழுந்தபோது மக்களில் பாதிப்பேரைப் பின்னால் காணவில்லை. எனினும் எழுந்தார். உதவித்தொகை வாங்கிக்கொண்டு மலபாரில் நெடுங்காலம் வாழ்ந்திருக்கலாம், வாழாமல் எழுந்தார். தாம் செய்த தவற்றின் விலை என்னவென்று அறிந்து, அதனைத் தம் கழுத்தாலேயே கட்டினார். அதனால்தான் நான் அவரை மதிக்கிறேன். குறையற்றவர் என்பதால் அன்று.

நண்பர்களே, நாளை நம்மில் சிலர் அலுவலகங்களில் ஆணையிடும் இடத்தில் அமர்வோம். மேலேயும் ஒரு தலைமை இருக்கும். கீழேயும் மக்கள் இருப்பார்கள். கீழிருந்து கூக்குரல் எழும்போது மேலே பார்த்துக் கைகூப்புவது எளிது. அந்த நேரத்தில் ஒரு நிமிடம் கண்ணம்மூலைக் குன்றை நினைத்துக்கொள்வோம். நாம் முதலில் தட்டவேண்டிய கதவு, நம் மக்களின் கதவு.